பல பெயர் கொண்ட நீலக்குப்பி

விண்மீன் மீன் அன்று. அது வானத்தில் இருப்பது. நட்சத்திர மீன் கடலில்தான் இருக்கிறது. ஆனாலும் அதுவும் மீன் அன்று. ஜெல்லி மீனுக்கு முள்ளும் இல்லை, செதிலும் இல்லை, செவுளும் இல்லை. அதையும் நாம் மீன் என்றே அழைக்கிறோம். பெயர் வைப்பதில் நாம் இவ்வளவு தாராளமாக இருக்கிறோம். அப்படியானால், ஜெல்லி மீனைப் போலவே தோன்றி, ஆனால் ஜெல்லி மீனும் அல்லாத ஓர் உயிரை எதிரில் கண்டால் அதை என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

கடற்காற்று பலமாக வீசிய மறுநாள் காலையில் மணற்கரையில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். அலை வந்து திரும்பும் ஈர மணலில், சிப்பிகளுக்கும் பாசிக்கும் நடுவே, ஊதிய பலூன் போன்ற ஒரு சிறு பை கிடக்கிறது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அந்தப் பையின் நிறம் நீலம். மேல் விளிம்பில் மட்டும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு கோடு. அடியில் நீல நூல்கண்டு ஒன்று சிக்கிக் கிடப்பது போலத் தெரிகிறது. எவ்வளவு அழகு! எடுத்துப் பார்ப்போமே என்று கை தானாகவே நீள்கிறது.

தோழியரே, அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்! அந்த நூல் பட்ட இடம் தீப்பட்டாற் போல எரியும். தோலில் சாட்டையடி பட்டது போல் சிவந்த தடிப்புகள் எழும். கரையில் கிடந்து உயிர் போன பின்னும் பல நாள்வரை அது கொட்டும்.

இவ்வுயிர் நமக்கு அயலானது அன்று. அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் ஆகியவற்றின் வெப்பப் பகுதிகளில் வாழும் இது, அரபிக் கடலிலும் வங்காள விரிகுடாவிலும் உண்டு. மும்பையின் ஜுஹூ கடற்கரையில் மழைக்காலத்தில் இது கரை ஒதுங்குவதும், விளையாட வந்தவர்கள் கொட்டுப்பட்டு அலறுவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் செய்தி. எனவே இதன் பெயர்களையும், உயிரினங்களின் வரிசையில் இதற்குரிய இடத்தையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. 'பெயரைத் தெரிந்துகொண்டு ஆவதென்ன?' என்று கேட்பவர்களுக்குக் கட்டுரையின் முடிவில் விடை உண்டு.

நீந்தத் தெரியாத மாலுமி

முதலில் இதன் உருவத்தைக் காண்போம். நீர்மட்டத்தின் மேல் மிதக்கும் பைதான் இதன் மிகப் பெரிய அடையாளம். அட்லாண்டிக் கடலில் இந்தப் பை 30 சென்டிமீட்டர் நீளம்வரை வளர்கிறது. நம் பக்கத்துக் கடல்களில் காணப்படுபவை பெரும்பாலும் சிறியவை. விரல் நீளமே இருக்கும். பையின் மேல் ஒரு முகடு எழுந்து நிற்கிறது. அதுவே இதன் பாய். இதற்கு நீந்தத் தெரியாது. காற்று தள்ளும் பக்கமெல்லாம் போகும்.

ஆயினும் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சிலவற்றின் பாய் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். சிலவற்றின் பாய் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே காற்று வீசினாலும் இவ்விரு வகையும் வெவ்வேறு திசையில் விலகிச் செல்லும். ஒரு காற்றில் ஒரு வகை கரையேறி மடிந்தாலும் மற்றது கடலில் தப்பிப் பிழைக்கும் என்பது அறிஞர் கருத்து.

பைக்குள் இருக்கும் வாயு எது தெரியுமா? காற்றோடு கலந்த கார்பன் மோனாக்சைடு! மூடிய அறையில் கரியடுப்பு எரிந்தால் உறங்குபவர் உயிரைக் குடிக்கும் அதே நச்சு வாயுதான். பையில் உள்ள ஒரு சுரப்பி, செரின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இவ்வாயுவைத் தயாரிக்கிறது என்பதை 1960-இல் விட்டன்பர்க் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். நம்மைக் கொல்லக்கூடிய வாயுவை ஊதி, அதன் மேல் மிதந்து வாழும் உயிர் இது!

பைக்கு அடியில் தொங்குபவை கொட்டும் இழைகள். சாதாரணமாக 10 மீட்டர் நீளமுள்ள இவை, பெரியவற்றில் 30 மீட்டர்வரை நீளும். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தரைவரை தொங்கவிட்ட நூல் எவ்வளவு நீளம் இருக்குமோ அவ்வளவு நீளம்! சிறு மீன்களும் மீன் குஞ்சுகளும் இந்த இழைகளில் பட்டவுடன் செயலற்றுப் போகின்றன. இழைகள் சுருங்கி இரையை மேலே தூக்குகின்றன. அங்கே பல சிறு வாய்கள் ஒன்றுகூடி இரையின் மேல் ஒட்டி, அதைக் கரைத்து உண்கின்றன.

ஊருக்கு ஒரு பெயர்

ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்'. நீரின் மேல் பாய் விரித்து வரும் இதைக் கண்ட மாலுமிகளுக்கு அக்காலத்துப் போர்ச்சுகீசியரின் பாய்மரக் கப்பல்கள் நினைவுக்கு வந்தன போலும். ஸ்பானியரும் போர்ச்சுகீசியருமே இதைக் 'காரவெல்' என்னும் அந்தப் பழைய கப்பலின் பெயரால்தான் அழைக்கின்றனர். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் 'போர்ச்சுகீசியத் துடுப்புக் கப்பல்' என்கின்றனர்.

ஆஸ்திரேலியாவில் இதன் பெயர் 'புளூ பாட்டில்', அதாவது நீலக்குப்பி. அங்கே கோடைக்காலத்தில் கடலில் குளிக்கப் போகும் சிறுவர் சிறுமியர் அனைவருக்கும் இது பழகிய பெயர். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வகை நீல ஈக்கும் இதே பெயர் இருக்கிறது என்பது வேடிக்கை.

ஜப்பானியர் வைத்த பெயர் 'கட்சுவோ நோ எபோஷி'. கட்சுவோ என்பது நம் மீனவர் சூரை என்று சொல்லும் மீன். எபோஷி என்பது அந்நாட்டு உயர்குடியினர் முற்காலத்தில் அணிந்த உயரமான தொப்பி. சூரை மீன் ஜப்பானியக் கரையை நாடி வரும் பருவத்திலேயே இதுவும் மிதந்து வருவதால் 'சூரையின் தொப்பி' என்று பெயரிட்டுவிட்டார்கள்.

ஜெல்லி மீன் போன்ற உயிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் வைத்தவர்களும் உண்டு. பிரேசில் நாட்டில் இவற்றை 'உயிருள்ள நீர்' என்பர். ஸ்பானிய மொழி பேசும் சில நாடுகளில் 'கெட்ட நீர்' என்பர். நம் கடற்கரை மக்கள் 'சொறி' என்பர்; பட்டால் அரித்துச் சொறிய வைப்பதால் வந்த பெயர். நம் பாடநூல்களில் 'இழுது மீன்' என்றும் 'சொறி மீன்' என்றும் காண்கிறோம்.

இப்பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. மாலுமி கண்டது பாய். ஆகவே அவனுக்கு இது கப்பல். குளிக்க வந்தவர் கண்டது நிறமும் பையும். அவருக்கு இது குப்பி. மீன் பிடிப்பவர் கண்டது பருவம். அவருக்கு இது சூரையின் தொப்பி. வலையை வெறுங்கையால் இழுப்பவருக்குத் தெரிந்தது அரிப்பு. அவருக்கு இது சொறி. ஒவ்வொரு பெயரிலும் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் இது எப்படிப்பட்ட உயிர் என்ற கேள்விக்கு எந்தப் பெயரிலும் விடை இல்லை.

லின்னேயஸ் செய்த தவறு

உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரட்டைச் சொல்லால் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் என்பதை உயிரியல் வகுப்பில் படித்திருக்கிறோம். 1758-இல் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பே விலங்குகளின் அறிவியற் பெயர்களுக்கு இன்றும் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அந்நூலில் நம் நீலக்குப்பியும் இடம்பெற்றது. அவர் கொடுத்த பெயர் 'ஹோலோதூரியா பைசாலிஸ்'.

ஹோலோதூரியா என்றால் எது? மன்னார் வளைகுடாவில் கிடக்கும் கடல் அட்டையின் பேரினப் பெயர் இன்று அதுதான்! கடலடியில் மண்ணைத் தின்று ஊர்ந்து திரியும் கடல் அட்டை எங்கே, காற்றில் பாய் விரித்துச் செல்லும் நீலக்குப்பி எங்கே! மிதக்கும் பையும் மென்மையான உடலும் கொண்ட ஒன்றை எந்த இடத்தில் வைப்பது என்று அக்காலத்தில் தெளிவு பிறக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற அறிஞருக்கும் தவறு நேரலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆனால் பெயரின் இரண்டாம் பாதி பொருத்தமானதே. பைசாலிஸ் என்பது கிரேக்க மொழியில் குமிழி, ஊதிய பை என்று பொருள்படும் சொல். இச்சொல் நமக்கு வேறொரு வழியிலும் உறவு. வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் முளைக்கும் சொடக்குத் தக்காளியைப் பறித்து, அதன் ஊதிய மேலுறையை நெற்றியில் தட்டிச் 'சொடக்' என்று உடைத்து விளையாடியிருப்போம். அந்தச் செடியின் பேரினப் பெயரும் பைசாலிஸ்தான்! அதற்கும் பெயர் வைத்தவர் லின்னேயஸே. காய் மறைந்திருக்கும் பையையும் கடலில் மிதக்கும் பையையும் ஒரே சொல்லால் குறித்தார் அவர்.

பின்னர் 1801-இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க், நீலக்குப்பியைக் கடல் அட்டைகளிடமிருந்து பிரித்தெடுத்துப் பைசாலியா என்ற புதிய பேரினத்தை அமைத்தார். அதனால் இதன் முழுப்பெயர் 'பைசாலியா பைசாலிஸ்' ஆயிற்று. குமிழி என்பதையே இரண்டு முறை சொல்லும் பெயர்!

ஒன்றா, பலவா?

பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. இது ஓர் உயிரா, அல்லது பல உயிர்களின் கூட்டமா?

மேலே மிதப்பது பை. உண்பதற்குத் தனியாகச் சில பகுதிகள். அவற்றுக்கு வாய் உண்டு, இரை பிடிக்கும் திறன் இல்லை. இரை பிடிப்பதற்குத் தனியாகச் சில. அவற்றுக்கு நீண்ட இழை உண்டு, வாய் இல்லை. இனப்பெருக்கத்துக்கு வேறு சில. இவை ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால், குளத்தில் வாழும் ஹைட்ராவைப் போன்ற ஒரு தனி உயிரின் அமைப்பு தெரிகிறது. ஆனால் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்து வாழ முடியாது. இவற்றை அறிவியலார் 'ஸூவாய்டு' என்பர். நாம் 'உறுப்புயிர்' எனலாம்.

ஜெர்மானிய அறிஞர் லூக்கார்ட் 1851-இல், இவ்வகை விலங்குகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட பல உயிர்களின் கூட்டம் என்று எழுதினார். இங்கிலாந்தின் ஹக்ஸ்லி இதை ஏற்கவில்லை. 'ராட்டில்ஸ்நேக்' என்ற கப்பலில் 1846 முதல் 1850 வரை துணை மருத்துவராகப் பயணம் செய்து, கடலில் இத்தகைய உயிர்களை நேரில் எடுத்து ஆராய்ந்தவர் அவர். அவற்றைப் பற்றி 1859-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். ஒரே கருமுட்டையிலிருந்து வளர்வதெல்லாம் ஓர் உயிரே என்பது அவர் வாதம்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. 'நான்கு வகை விலங்குகள் கடலில் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன' என்று சிலர் சொல்வதுண்டு, அது பிழை. விடுதியில் தங்கிப் படிக்கும் நாம் பல வீடுகளிலிருந்து வந்து ஒன்றாக வாழ்கிறோம். நீலக்குப்பியின் உறுப்புயிர்கள் அப்படி வந்து சேர்ந்தவை அல்ல. ஒரே கருமுட்டை வளர்ந்து, அதிலிருந்து மொட்டு விடுவது போல ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தவை. எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மரபு. ஒரு கூட்டம் முழுவதும் ஆணாகவே இருக்கும், அல்லது பெண்ணாகவே இருக்கும். ஒன்று உண்ட உணவின் சத்து எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்.

ஆகவே ஒன்றா, பலவா என்ற கேள்விக்கு, 'உருவத்தில் பல, பிறப்பிலும் வாழ்விலும் ஒன்று' என்று விடை சொன்னால் பொருந்தும்.

ஏன் ஜெல்லி மீன் அன்று?

இப்போது வகைப்பாட்டுக்கு வருவோம். வகுப்பில் குழியுடலிகள் என்று படிக்கும் தொகுதியை இன்று நிடேரியா என்றும் சொல்கிறோம். கொட்டும் செல்களைக் கொண்டிருப்பதே இத்தொகுதியின் தனி அடையாளம். கடல் சாமந்தியும் பவளமும் இத்தொகுதியில் ஆந்தோசோவா என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. குடை போல் விரிந்து சுருங்கி நீந்தும் உண்மையான ஜெல்லி மீன்கள் ஸ்கைபோசோவா என்னும் வகுப்பு. பெட்டி வடிவ உடல் கொண்ட கொடிய நச்சு ஜெல்லிகள் கியூபோசோவா என்னும் வகுப்பு.

நீலக்குப்பியோ ஹைட்ரோசோவா என்னும் வகுப்பைச் சேர்ந்தது. தேர்வுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்கிறோமே, அந்தச் சின்னஞ்சிறு ஹைட்ராவின் வகுப்பும் இதுவே! கடலில் 30 மீட்டர் இழை வீசும் நீலக்குப்பிக்கு, ஜெல்லி மீனைவிடக் குளத்து ஹைட்ராவே நெருங்கிய சொந்தம். வகுப்புக்குள் சைபனோஃபோரா என்பது வரிசை. பைசாலிடே என்பது குடும்பம். பைசாலியா என்பது பேரினம்.

பார்வைக்கு நீலக்குப்பியைப் போலவே நம்மை ஏமாற்றும் வேறு சில உயிர்களும் உள்ளன. அவற்றில் ஒன்று நீலப் பொத்தான். சட்டைப் பொத்தான் போன்ற வட்டத்தைச் சுற்றி நீல இழைகள் விரிந்திருக்கும் இதன் அறிவியற் பெயர் பார்பிட்டா. சென்னைக் கடற்கரையிலும் இது கூட்டங்கூட்டமாக ஒதுங்கியது உண்டு. மற்றொன்று வெலெல்லா, சாய்வான சிறு பாய் கொண்டது. இவ்விரண்டையும் லின்னேயஸ் 'மெடுசா' என்று ஜெல்லி மீன்களோடு சேர்த்தார். உலகைச் சுற்றி வந்த எஷ்ஷோல்ட்ஸ் என்ற மருத்துவர் 1829-இல் சைபனோஃபோரா வரிசையை அமைத்தபோது, நீலக்குப்பியுடன் இவற்றையும் அதில் வைத்தார். பிற்காலத்தில் நுணுகி ஆராய்ந்தபோது இவை அவ்வரிசையைச் சேர்ந்தவை அல்ல என்று தெரிந்து, ஹைட்ரோசோவா வகுப்பிலேயே வேறு வரிசைக்கு மாற்றினார்கள். இவற்றின் கொட்டு நீலக்குப்பியின் கொட்டைப் போலக் கடுமையானது அன்று. சிறிது அரிப்போடு நின்றுவிடும்.

சீப்பு ஜெல்லி என்று ஒன்று உண்டு. அதுவும் கண்ணாடி போன்ற உடல் கொண்டதே. ஆனால் அதற்குக் கொட்டும் செல்களே இல்லை. அது டீனோஃபோரா என்னும் வேறு தொகுதி. இத்தனையையும் ஒரே 'சொறி' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டால் நல்லதும் தீயதும் தெரியாமற் போகும் அல்லவா?

ஒன்று பலவாகிய கதை

நெடுங்காலமாக உலகம் முழுவதும் இருப்பது ஒரே சிற்றினமான பைசாலியா பைசாலிஸ்தான் என்று கருதிவந்தனர். கடலெல்லாம் ஒன்றோடொன்று இணைந்தது. காற்றோடு மிதக்கும் உயிருக்கு எல்லை ஏது என்பது அவர்கள் எண்ணம். 2025-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. பல கடல்களிலிருந்து எடுத்த 151 நீலக்குப்பிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, அவை ஒன்றோடொன்று கலவாத நான்கு சிற்றினங்கள் என்று தெரியவந்தது. பைசாலியா பைசாலிஸ், பைசாலியா யூட்ரிகுலஸ், பைசாலியா மெகாலிஸ்டா, பைசாலியா மினூட்டா என்பன அவற்றின் பெயர்கள்.

இவற்றில் நடுவில் உள்ள இரண்டும் புதிய பெயர்கள் அல்ல. பழைய காலத்து அறிஞர்கள் உருவத்தைக் கண்ணால் கண்டே வேறுபாடு உணர்ந்து சூட்டியவை. பின்வந்தவர்கள் 'எல்லாம் ஒன்றே' என்று ஒதுக்கிவைத்தவை. யூட்ரிகுலஸ் என்றால் சிறு தோல்பை. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்து அவை மீண்டும் உயிர் பெற்றன!

இந்த ஆராய்ச்சியில் நாம் பெருமைப்படத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. கடற்கரைக்குச் சென்ற சாதாரண மக்கள் எடுத்து அனுப்பிய ஆயிரக்கணக்கான புகைப்படங்களையும் அறிஞர்கள் பயன்படுத்தினார்கள். அப்படங்களில் தெரிந்த உருவ வேறுபாடுகளும் மரபணு சொன்ன வேறுபாடுகளும் ஒத்துப்போயின. அதே 2025-இல் ஜப்பானின் செண்டாய் வளைகுடாவில் கிடைத்த இன்னொன்றுக்குப் பைசாலியா மிகாசுகி என்று பெயர் சூட்டினார்கள். மிகாசுகி என்றால் பிறைநிலா. கரையில் ஒதுங்கும் ஒரு நீலப் பையைக் கவனமாகப் பார்ப்பவர் எவராயினும் அறிவியலுக்கு உதவ முடியும் என்பது இதனால் விளங்குகிறது.

நஞ்சு தந்த நோபல் பரிசு

நீலக்குப்பியின் இழைகளில் எண்ணற்ற கொட்டும் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றின் உள்ளேயும் சுருட்டி வைத்த நுண்ணிய நஞ்சு ஊசி ஒன்று இருக்கிறது. ஏதேனும் பட்டவுடன் அது விசையோடு வெளியே பாய்ந்து தோலில் தைக்கிறது. இதற்கு விலங்கின் கட்டளை தேவையில்லை. மூளையே இல்லாத உயிருக்குக் கட்டளை ஏது? அதனால்தான் அது இறந்த பின்னும், இழை அறுந்து கிடந்தாலும் கொட்டுகிறது. நீல நிறக் கடல் நத்தை வகையொன்று நீலக்குப்பியைத் தின்று, அதன் கொட்டும் செல்களைக் கெடாமல் தன் உடலில் சேமித்துத் தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்றால் பாருங்களேன்!

இந்த நஞ்சு மருத்துவத்துக்கு ஒரு பெரிய உண்மையைக் காட்டித் தந்தது. மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1901-இல் தம் ஆராய்ச்சிக் கப்பலில் ரிஷே, போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்களை அழைத்துச் சென்று, நீலக்குப்பியின் நஞ்சை ஆராயச் செய்தார். பாரிஸ் திரும்பிய அவர்கள், கடல் சாமந்தியின் நஞ்சைக் கொண்டு நாய்களிடம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தனர். முதல் முறை நஞ்சைத் தாங்கிப் பிழைத்த நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி மாண்டது. நஞ்சு பழகினால் உடல் தாங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அதற்கு நேர்மாறானதைக் கண்டனர். இதற்கு 1902-இல் 'அனஃபிலாக்சிஸ்' என்று பெயரிட்டனர். இக்கண்டுபிடிப்புக்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். சிலருக்குக் குளவி கொட்டினாலோ ஊசி மருந்து ஒவ்வாமற் போனாலோ உயிருக்கே ஆபத்து நேர்வது இதனால்தான் என்று மருத்துவர்கள் அறிந்துகொண்டனர்.

பெயர் எதற்கு வேண்டும்?

தொடக்கத்தில் சொன்னபடி இப்போது விடை சொல்வோம். கடலில் ஒருவருக்குக் கொட்டுப்பட்டுவிட்டது. 'என்ன கொட்டியது?' என்று மருத்துவர் கேட்கிறார். 'ஏதோ சொறி' என்று சொன்னால் போதுமா? போதாது.

பெட்டி வடிவ ஜெல்லி கொட்டினால் முதலில் வினிகர் ஊற்ற வேண்டும் என்பது மருத்துவ விதி. நீலக்குப்பி கொட்டினால் வினிகர் ஊற்றலாமா, கூடாதா என்பதில் வல்லுநரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலிய முதலுதவி விதிகள் அதற்கு வினிகரைச் சொல்வதில்லை. வெந்நீரையே சொல்கின்றன. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு ஆகாமற் போகலாம். எனவே கொட்டியது எது என்று அடையாளம் சொல்லத் தெரிந்திருப்பது பாதி மருத்துவம்.

நீலக்குப்பி கொட்டினால் செய்ய வேண்டியவை இவை. முதலில் பதறாமல் நீரைவிட்டு வெளியே வர வேண்டும். ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் குச்சியாலோ இடுக்கியாலோ மெல்ல எடுக்க வேண்டும். கடல் நீரால் கழுவ வேண்டும். பின்னர், தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அந்த இடத்தை 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். தோல் வெந்துவிடாதபடி சூட்டை முதலில் வேறொருவர் கை வைத்துப் பார்ப்பது நல்லது. மணலால் தேய்ப்பதும், துணியால் அழுத்தித் துடைப்பதும், நல்ல தண்ணீர் ஊற்றுவதும் கூடாது; இவை வெடிக்காமல் இருக்கும் கொட்டும் செல்களையும் வெடிக்கச் செய்யும். மூச்சுத் திணறல், மயக்கம், முகவீக்கம், நெஞ்சுவலி இவற்றில் எது தோன்றினாலும் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு வலி சில மணி நேரத்தில் அடங்கிவிடும். உயிரிழப்பு மிக அரிது. ஆனால் அந்த அரிதான ஒருவர் நம் தங்கையாகவும் இருக்கலாம்.

1758-இல் கடல் அட்டையோடு சேர்த்து வைக்கப்பட்ட ஓர் உயிர், 1801-இல் தனக்கென ஒரு பேரினம் பெற்று, 1829-இல் தன் வரிசையை அடைந்து, 2025-இல் பல சிற்றினங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெயர் திருந்தியது, யாரோ ஒருவர் முன்னோர் சொன்னதோடு நின்றுவிடாமல் மீண்டும் ஒரு முறை உற்று நோக்கியதனால்தான். நாம் புத்தகத்தில் படிக்கும் வகைப்பாடு முடிந்துபோன பட்டியல் அன்று. இன்னும் எழுதப்பட்டுவரும் ஏடு.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது ஈர மணலில் ஒரு நீலப் பையைக் கண்டால், இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அதன் பாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நீண்ட இழை ஒன்றா, பலவா என்று கவனியுங்கள். முடிந்தால் படம் எடுங்கள். அருகில் வரும் சிறு பிள்ளைகளிடம், 'இது பலூன் இல்லை கண்ணு, தொடாதே. இதன் பெயர் நீலக்குப்பி' என்று சொல்லுங்கள். அந்தப் பெயரைக் கேட்ட பிள்ளை அடுத்த பிள்ளைக்குச் சொல்லும்.